ஒரு இரவைக் காப்பாற்றினது யார்? கோர்னெல், 1977 மே 8

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் இதாக்கா என்றொரு சின்ன நகரம் இருக்கிறது. அங்கேயுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹோலில் 1977 மே 8ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கிறேட்ஃபுல் டெட் என்ற இசைக்குழு வாசித்தது. 1965 தொடக்கம் 1995 வரை அந்தக் குழு ஏறத்தாழ 2,300 தடவைகள் மேடை ஏறியிருக்கிறது. அதில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் அவர்களுடைய ரசிகர்களிடம் போய் 'ஆகச் சிறந்த கச்சேரி எது?' என்று கேட்டால், சண்டை தொடங்குவதற்கு முதல் வருகிற பெயர் பெரும்பாலும் கோர்னெல்தான். இடத்தின் பெயர்கூடத் தேவையில்லை. அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னுக்குப் போட்டு 'ஐந்து, எட்டு, எழுபத்தேழு' என்றாலே விளங்கிவிடும்.

2,300 இரவுகளில் ஒரு இரவு மட்டும் எப்படி வரலாறாகியது? அன்றைக்கு நல்லாய் வாசித்தார்கள் என்பது பாதிப் பதில். மிச்சப் பாதி, அந்த இரவை யார் பதிவு செய்தார்கள், அந்தப் பதிவுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதில் இருக்கிறது.

முதலில் குழுவைப் பற்றிக் கொஞ்சம். கிறேட்ஃபுல் டெட்டை 'ஜாம்' இசைக்குழுக்களின் முன்னோடி என்று சொல்வார்கள். இசைத்தட்டில் நாலைந்து நிமிடத்தில் முடிகிற பாட்டு, மேடையில் இருபது நிமிடத்துக்கும் போகும். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பது இரவுக்கு இரவு மாறும். எங்கட கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிற தவில் சமாவைக் கேட்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதே கலைஞர்கள், அதே தாளம், ஆனால் நேற்று வாசித்தது இன்றைக்கு வராது. அப்படியான இசையில் ஒவ்வொரு கச்சேரியும் தனி. தவறவிட்டால் தவறவிட்டதுதான். ஆகவேதான் இந்தக் குழுவின் ரசிகர்கள், 'டெட்ஹெட்' என்று அழைக்கப்படுகிறவர்கள், ஆரம்பத்திலிருந்தே கச்சேரிகளைப் பதிவு செய்வதில் வெறியாக இருந்தார்கள்.

1977 அந்தக் குழுவுக்கு ஒரு நல்ல காலம். 1974 ஒக்ரோபருக்குப் பிறகு அவர்கள் பயணக் கச்சேரிகளை நிறுத்தி, 1976இல்தான் முழுமையாகத் திரும்பி வந்தார்கள். 1977 தொடக்கத்தில் 'ரெராப்பின் ஸ்ரேஷன்' இசைத்தட்டுக்காக கீத் ஒல்சன் என்ற தயாரிப்பாளரிடம் வேலை செய்தார்கள். ஒத்திகையில் கண்டிப்பான மனிதர். 'பார்த்துப் போவோம்' என்று வாழ்ந்த ஒரு குழுவை அவர் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். அந்த இறுக்கத்தோடு நேரே வசந்தகாலச் சுற்றுப்பயணத்துக்குப் போனார்கள். ஜெரி கார்சியாவும் பொப் வியரும் கிற்றார், ஃபில் லெஷ் பேஸ், கீத் கொட்சோ பியானோ, டொனா ஜீன் கொட்சோ குரல், பில் குரொய்ட்ஸ்மன், மிக்கி ஹார்ட் இரண்டு பேரும் ட்ரம்ஸ்.

பார்ட்டன் ஹோல் இசைக்காகக் கட்டின மண்டபம் இல்லை. இராணுவப் பயிற்சிக்கென்று கட்டப்பட்டு, பிறகு ஓட்டப் போட்டிகளுக்கும் பயன்பட்ட பெரிய கூடம். அதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1969 ஏப்ரலில் கறுப்பின மாணவர்கள் வில்லார்ட் ஸ்ரெயிற் ஹோலைக் கைப்பற்றிப் போராடிய நாட்களில், ஆயிரக்கணக்கான மாணவர்கள் கூடி விவாதித்தது இந்த பார்ட்டன் ஹோலில்தான். எட்டு வருடம் கழித்து அதே தரையில் மாணவர்கள் நெருக்கியடித்து நின்று பாட்டுக் கேட்டார்கள். எவ்வளவு நெருக்கம் என்பதற்கு அந்தப் பதிவே சாட்சி: இடைவேளைக்குப் பிறகு, முன்னுக்கு நிற்கிறவர்கள் நசிபடுகிறார்கள், எல்லாரும் ஒரு அடி பின்னுக்குப் போங்கோ என்று குழுவினர் மேடையிலிருந்து பகிடியாகக் கேட்பது அதில் கேட்கிறது.

ரசிகர்கள் அந்த இரவைப் பற்றிப் பேசும்போது இரண்டு இடங்களில் வந்து நிற்பார்கள். ஒன்று, 'ஸ்கார்லட் பெகோனியாஸ்' பாட்டு நிற்காமல் 'ஃபயர் ஒன் த மவுண்டன்' பாட்டுக்குள் போகிற இடம். இரண்டும் சேர்த்து இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல். இரண்டாவது பாட்டு அப்போது எந்த இசைத்தட்டிலும் வந்திருக்கவில்லை. எந்த இடத்தில் முதல் பாட்டு முடிந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. முதலில் லெஷின் பேஸ் மெதுவாகத் திரும்புகிறது, ட்ரம்ஸ் பின்னால் போகிறது, கார்சியாவின் கிற்றார் இரண்டு பாட்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கிறது. மற்றது 'மோர்னிங் டியூ'. கனடாப் பாடகி பொனி டொப்சன் அணுப் போருக்குப் பிந்திய உலகத்தை நினைத்து எழுதின பாட்டு. கிசுகிசுப்பாகத் தொடங்கி, கடைசியில் கார்சியாவின் கிற்றார் வேகமெடுத்து ஏறி உடைகிறது. இந்த இசை பழக்கமில்லாத ஒருவருக்கு முதலில் போட்டுக்காட்ட வேண்டிய துண்டு அதுதான்.

கச்சேரி முடிந்து வெளியே வந்தால் பனி கொட்டியிருக்கிறது. மே மாதத்தில்! அன்றைக்குப் போனவர்கள் வயதான பிறகும் மறக்காமல் சொல்லுகிற விசயம் இது. பாட்டு வரிசையை மறந்தவர்களும் பனியை மறக்கவில்லை.

சரி, பதிவுக்கு வருவோம். எழுபதுகளில் ரசிகர்கள் மைக்கை உடுப்புக்குள் ஒளித்துக்கொண்டு போய்ப் பதிவு செய்தார்கள். குழு பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டது. 1984இல் பதிவு செய்கிறவர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கி ரிக்கற்றும் கொடுத்தது. ஒரே ஒரு விதி: பதிவுகளை விற்கக்கூடாது. எங்கட ஊர்களில் ஒருகாலத்தில் றெக்கோடிங் பாருக்குப் போய்க் காசு கொடுத்துக் கசற் அடிப்பித்தார்கள். அங்கே காசு இல்லை. வெறும் கசற்றைத் தபாலில் அனுப்பினால், பதிவு நிறைந்து திரும்பி வரும். கொப்பியிலிருந்து கொப்பி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும். ஆகவே நல்ல மூலப் பதிவு என்பது தங்கம்.

அந்தத் தங்கம் பெற்றி கன்ரர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளரிடம் இருந்தது. ஆண்களே நிறைந்திருந்த அந்தத் தொழிலில் அறுபதுகளின் கடைசியிலிருந்து வேலை செய்த பெண். மேடையிலிருந்து வருகிற ஒலிகளை நேரடியாக எடுத்து, பதிவுக்கென்றே தனியாகக் கலந்து ரேப்பில் ஏற்றுவார். கோர்னெல் கச்சேரியைப் பதிவு செய்ததும் அவர்தான். ஒவ்வொரு வாத்தியமும் அதனதன் இடத்தில் தெளிவாகக் கேட்கும்.

பிறகு நடந்தது கவலையான கதை. பெற்றிக்குப் பணக்கஷ்டம் வந்தது. தன்னுடைய ரேப்புகளை வைத்திருந்த களஞ்சியத்துக்கு வாடகை கட்ட முடியாமல் போனது. 1986இல் அவை ஏலத்தில் போயின. வாங்கினவர்களில் சில ரசிகர்கள் அவற்றைக் கொப்பி எடுத்து மற்றவர்களுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். 'பெற்றி போர்ட்ஸ்' என்ற பெயரோடு அந்தத் தெளிவான ஒலி கைக்குக் கை மாறியது. சில பெட்டிகளோ வருடக்கணக்காகக் கவனிப்பாரற்றுக் கிடந்து பழுதாகின. பிறகு ரசிகர்களே அவற்றைத் திருத்தி எடுத்தார்கள். தான் செய்த வேலை உலகத்துக்கே போய்ச் சேர்ந்தபோது, அதைச் செய்தவரின் கையில் அது இல்லை.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளுக்கான தேசியப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. 2011ஆம் ஆண்டுக்கான தெரிவில் கோர்னெல் பதிவும் சேர்ந்தது. அந்த நேரத்தில் அது கடையில் வாங்கக்கூடிய இசைத்தட்டே இல்லை! ரேப்புகள் குழுவின் களஞ்சியத்துக்குத் திரும்பி, உத்தியோகபூர்வமாக வெளிவந்தது 2017 மே மாதத்தில், கச்சேரி நடந்து நாற்பது வருடம் கழித்து. வெளியீட்டாளர்கள் வருவதற்கு முதலே ரசிகர்கள் அதை வெளியிட்டு முடித்துவிட்டார்கள்.

இப்போது சண்டைக்கு வருவோம். 'கோர்னெலை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீர்கள்? அடுத்த நாள் பஃபலோவில் வாசித்ததும் குறைந்ததா? முதல் நாள் பொஸ்ரன்?' என்று கேட்கிற ரசிகர்கள் நிறையப் பேர். இன்னும் சிலர் 1972 ஓகஸ்ட் 27இல் ஒரிகன் மாநிலத்தின் வெனீற்றாவில் கொளுத்துகிற வெயிலில் நடந்த கச்சேரிதான் உச்சம் என்பார்கள். 'கோர்னெல் கச்சேரி நடக்கவே இல்லை, எல்லாம் கட்டுக்கதை' என்று பகிடிக்கு ஒரு சதிக் கோட்பாடுகூட இருக்கிறது.

பகிடி என்றாலும் அதில் ஒரு கூர் இருக்கிறது. கோர்னெலை 'சிறந்தது' என்று சொல்கிற பெரும்பாலானவர்கள் அந்த மண்டபத்தில் இருக்கவில்லை. பலர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது ரேப் மட்டும்தான். நல்லாய்ப் பதிவான இரவு மற்ற இரவுகளை மறைக்கும். வரலாறு படிக்கிற எங்களுக்கு இது புதிதில்லை. சான்று எங்கே தப்பியதோ அங்கேதான் வெளிச்சம் விழும். அதற்காக கோர்னெல் பொய்யாகிவிடாது. கேட்டுப் பாருங்கோ, அந்த வாசிப்பு உண்மையாகவே அபாரம். ஆனால் 'ஆகச் சிறந்தது' என்பதை 'எங்களுக்குக் கிடைத்ததில் ஆகச் சிறந்தது' என்று வாசிப்பதுதான் நேர்மை.

ரேப் எல்லாவற்றையும் வைத்திருக்கவில்லை என்பதும் உண்மை. பனி அதில் இல்லை. அதை வைத்திருக்கிறவர்கள் அன்றைக்கு அங்கே நின்ற மனிதர்கள். 2017இல் பீற்றர் கோனர்ஸ் இந்த ஒரு கச்சேரியைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம் எழுதினார், கோர்னெல் பல்கலைக்கழகப் பதிப்பகமே அதை வெளியிட்டது. 2023 மே 8இல் வியரும் ஹார்ட்டும் 'டெட் அன்ட் கொம்பனி' குழுவோடு அதே பார்ட்டன் ஹோலுக்குத் திரும்பி வந்து வாசித்தார்கள். கார்சியா 1995இலேயே இறந்துவிட்டார்.

அந்தக் கசற் ரசிகர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பழக்கம் இருக்கிறது. கசற் உறையில் திகதி, இடம், பாட்டு வரிசை, எந்தக் கொப்பியிலிருந்து எடுத்தது என்பதையெல்லாம் எழுதிவைப்பார்கள். இன்றைக்கு ஒரு நிகழ்ச்சியில் நூறு ஃபோன்கள் பதிவு செய்கின்றன. ஒரு வருடம் கழித்து அது எங்கே, எப்போது, யார் வாசித்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. அடுத்த தடவை ஃபோனைத் தூக்கினால், ஃபைலுக்குத் திகதியோடு ஒரு பெயர் வையுங்கோ. பிறகு இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கோ.