மருந்தென்று ஒரு கோப்பை: ஜின், எலுமிச்சை, திருச்சிராப்பள்ளி

ஜின்னையும் டானிக்கையும் கலந்து எலுமிச்சை பிழிந்து அருந்தும் பானத்தைப் பற்றி ஒரு கதை உலகெங்கும் உலவுகிறது. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலப் படைவீரர்கள் மலேரியாவுக்கு அஞ்சிக் கொய்னா உண்டார்கள். அதன் கசப்புத் தாங்காமல் சர்க்கரையும் சோடாவும் எலுமிச்சைச் சாறும் ஜின்னும் சேர்த்தார்கள். மருந்து மெல்ல மெல்லப் பானமாயிற்று என்பது அக்கதை. திருச்சிராப்பள்ளிக்காரர்களாகிய நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. நம் ஊரின் ஒரு பகுதிக்குப் பெயரே கண்டோன்மெண்ட். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரச் சிப்பாயின் கையில் என்ன கோப்பை இருந்தது? கதையை ஒப்புக்கொள்ளுமுன் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பது நல்லது.

1751ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். அவ்வாண்டு மலைக்கோட்டை ஊர் முற்றுகைக்குள் இருந்தது. உள்ளே முகமதலி, வெளியே சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும். முற்றுகையைத் தளர்த்தவே இராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தார். மறு ஆண்டு பிரெஞ்சுப் படை காவிரியைக் கடந்து பின்வாங்கித் திருவரங்கத் தீவில் புகுந்து, திருவரங்கம், திருவானைக்கா ஆகிய இரு கோயில்களையும் அரணாகக் கொண்டது. 1752 ஜூன் மாதம் அதன் தளபதி லா, கும்பினியின் தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்ஸிடம் அங்கேயே சரணடைந்தார். இவையெல்லாம் நம் வாசகர்கள் அறிந்த செய்திகள்தாம். அறிந்திராத ஒன்று: அதே 1751இல்தான் பிரித்தானிய நாடாளுமன்றம் ஜின்னைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. இலண்டன் ஏழைகளைச் சீரழிக்கும் மலிவுச் சரக்கு என்று அது அன்று தூற்றப்பட்டது. ஓவியர் ஹோகார்த் தம் புகழ்பெற்ற 'ஜின் சந்து' படத்தைச் செதுக்கி வெளியிட்டதும் அவ்வாண்டே. துரைமார்களின் மாலைநேரப் பானம் என்ற மதிப்பு ஜின்னுக்கு வர இன்னும் நூறாண்டு இருந்தது.

அப்படியானால் நம் ஊரில் முகாமிட்ட கும்பினிச் சிப்பாய்க்குக் கிடைத்தது எது? சாராயம். ஆங்கிலத்தில் 'அராக்'. கள்ளிலிருந்தும் அரிசியிலிருந்தும் வெல்லப்பாகிலிருந்தும் வடித்த அதைக் கும்பினி தன் ஐரோப்பியப் படைக்கு அளந்தே கொடுத்தது. அந்தச் சாராயத்துடன் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, நீர், சாதிக்காய் போன்ற நறுமணப் பொருள் ஆகியவற்றைச் சேர்த்தால் கிடைப்பது 'பஞ்ச்'. இப்பெயர் ஆங்கில எழுத்தில் முதன்முதலாகத் தென்படுவது 1632இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில். அது ஆந்திரக் கடற்கரையில் பெட்டபோலிப் பண்டகசாலையில் இருந்த கும்பினி வணிகர் ஒருவருக்குப் போனது. 1670களில் இந்தியாவில் இருந்த மருத்துவர் ஜான் பிரையர், ஐந்து பொருள் சேர்வதால் 'பாஞ்ச்' என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது என்று எழுதிவைத்தார். பீப்பாயைக் குறிக்கும் 'பஞ்சன்' என்ற ஆங்கிலச் சொல்லே மூலம் என்பாரும் உளர். சொல்லாராய்ச்சி எங்கு முடிந்தாலும், பொருள்கள் இந்த மண்ணினுடையவை என்பதில் ஐயமில்லை.

இங்கே பானகத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வெல்லம், நீர், எலுமிச்சை, சுக்கு, ஏலம். இராமநவமியன்று திருவரங்கத்து வீதிகளில் நீர்மோருடன் சேர்த்து வழங்கப்படும் அதே பானகம். 'பானகம்' என்ற பெயர் சுசுருத சங்கிதையிலேயே உண்டு. பஞ்சில் உள்ள சாராயத்தை நீக்கிவிட்டு மீதியை எண்ணிப் பார்த்தால் வெகு அருகில் வந்துவிடுகிறோம். இதனாலேயே பானகம் பஞ்சின் தாய் என்று அறுதியிட்டுவிடும் ஆர்வம் நம் நண்பர்கள் சிலருக்கு உண்டு. எமக்கு அதில் உடன்பாடில்லை. புளிப்பையும் இனிப்பையும் நீரில் கலக்கும் எண்ணம் வெயிலடிக்கும் எந்த நாட்டிலும் தோன்றக்கூடியது. ஒப்புமை வேறு, பிறப்பு வேறு.

எலுமிச்சைக்கு வருவோம். கலவைப் பானங்களைப் பற்றிய ஆங்கில நூல்களைத் தமிழில் படித்துச் சொல்வோர் பெரும்பாலும் இடறும் இடம் இது. அந்நூல்கள் 'லெமன்' என்பது தடித்த தோலுடைய பெரிய மஞ்சள் பழம். நம் சந்தையில் நாம் எலுமிச்சை என்று வாங்கும் சிறிய உருண்டைப் பழம் அவர்களுடைய 'லைம்'. புளிப்பு மிகுந்தது, மணமும் வேறு. ஆரஞ்சின் கதையோ இன்னும் சுவையானது. நம் நாரத்தைக்கு உறவான திராவிடச் சொல் ஒன்றே வடமொழியில் நாரங்கம் என்றும் பாரசீகத்தில் நாரங் என்றும் அரபியில் நாரஞ்ச் என்றும் ஆகி, ஐரோப்பாவில் 'ஆரஞ்சு' ஆயிற்று என்பது சொல்லியலார் பலர் ஏற்ற முடிபு. ஊறுகாய்ச் சாடியில் உப்பில் சுருண்டு கிடக்கும் நாரத்தங்காய்க்கு இப்படியொரு குலப்பெருமை.

எலுமிச்சை இனம் மருந்தாகப் பெயர் பெற்றது கடலில். ஸ்கர்வி நோயுற்ற மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து ஜேம்ஸ் லிண்ட் சோதித்தது 1747இல். பிரித்தானியக் கடற்படை 1795 முதல் எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கலாயிற்று. அன்று கொடுத்தது 'லெமன்'. 1860களில், தன் ஆட்சிக்குட்பட்ட மேற்கிந்தியத் தீவுகளில் விளைகிறது என்பதற்காகக் கடற்படை 'லைமு'க்கு மாறியது. அதில் உயிர்ச்சத்து சி குறைவு. பதப்படுத்துகையில் இருந்ததும் போயிற்று. 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற நேர்ஸ் குழுவினர் சாறு இருந்தும் ஸ்கர்வியில் வீழ்ந்தனர். இதற்கிடையில் 1867இல் லாக்லின் ரோஸ் என்பவர் சாராயம் சேர்க்காமல் சர்க்கரையிலேயே லைம் சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பாகுடன் ஜின் சேர்ந்தால் 'கிம்லெட்'. கிம்லெட் என்ற கடற்படை மருத்துவர் ஒருவர் மாலுமிகளின் நலனுக்காக இதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். இதற்குச் சமகாலச் சான்று ஏதுமில்லை. மீண்டும் மருத்துவர், மீண்டும் நலன்! ஜின் கலந்த பானம் எதுவானாலும் மருந்துச் சீட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டே வருவது நமக்கு வியப்பாக இருக்கிறது.

இனிக் கொய்னா. சிங்கோனா மரத்தின் விதைகளையும் நாற்றுகளையும் தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்து நீலகிரியில் வளர்க்கும் முயற்சி 1860இல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் தலைமையில் நடந்தது. உதகை அரசுத் தோட்டத்தின் மேலாளராக இருந்த மக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்களை எழுப்பினார். நடுவட்டத்தில் உழைத்தவர்களில் சென்னை அரசின் சிறைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தனர். விடுதலைக்குப் பின் அவர்களிற் சிலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டனர். அவர்களுடைய குடும்பங்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் குறிப்பெழுதியிருக்கிறார்.

டானிக் நீரோ இந்தியாவில் பிறந்ததன்று. இலண்டனில் 1858இல் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் காப்புரிமை பெற்ற காற்றடைத்த பானம் அது. ஜின்னும் டானிக்கும் சேர்ந்து அச்சில் தோன்றும் மிகப் பழைய இடமாக இன்று அறியப்படுவது, இந்தியாவில் வெளிவந்த 'ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகசின்' இதழின் 1868ஆம் ஆண்டுப் பக்கம். அது மருத்துவமனைக் குறிப்பா? படைமுகாம் ஆணையா? இரண்டும் அல்ல. குதிரைப் பந்தயம் முடிந்ததும் கூடியிருந்தோர் கேட்டுக் குரலெழுப்பிய பானங்களில் ஒன்று!

கணக்கும் கதைக்கு உதவவில்லை. மலேரியா கண்ட பெரியவருக்குக் கொய்னா ஏறத்தாழ 600 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள் தருவது மருத்துவ வழக்கம். இன்றைய டானிக்கில் அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 83 மில்லிகிராம். ஒரு வேளை மருந்துக்கே ஏழு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். ஒரு நாளுக்கு இருபத்தொரு லிட்டர். பழைய டானிக்கில் கொய்னா கூடுதலாக இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும் வழி குறுகவில்லை. கொய்னாவை மதுவில் கரைத்துக் கொடுத்ததே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மாலுமிகளுக்கு அது திராட்சை மதுவில் கொடுக்கப்பட்டது. அது அளந்து கொடுத்த மருந்து. பந்தயத் திடலில் கேட்டு வாங்கியது மருந்தன்று.

நமக்கு உறுத்துவது வேறொன்று. நீலகிரியில் மரம் வளர்ந்தது 1860களில். காய்ச்சலில் கிடந்த எளிய மக்களுக்குக் கொய்னாவை ஒரு பைசாப் பொட்டலமாக்கி அஞ்சல் நிலையங்களில் விற்கும் ஏற்பாடு வங்காளத்தில் தொடங்கியது 1892இல். பந்தயத் திடலின் கோப்பைக்குள் அது புகுந்து அதற்குள் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. படைவீரர் உயிர்காத்த பானம் என்ற அழகிய கதை, இந்த இடைவெளியை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. கொய்னா எவ்வளவு விளைந்தது, யாருக்குப் போயிற்று என்று கேட்காமல், எலுமிச்சைத் துண்டு செருகிய கோப்பையைப் பார்த்துப் புன்னகை செய்ய வைக்கிறது.

மருந்து என்ற சாக்கு நம்மவர்களுக்கும் புதிதன்று. 1937இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. அக்காலத்தில் உடல்நலக் காரணம் காட்டி 'பெர்மிட்' பெற்றால் குடிக்கலாம். 1971இல் விலக்குத் தளர்ந்து, 1974இல் மீண்டும் இறுகி, 1981இல் மறுபடி தளர்ந்தது. டாஸ்மாக் 1983இல் உருவாயிற்று. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதனுடையதே. பெர்மிட் போனது, சாக்கு மட்டும் போகவில்லை. உண்மையில் சுவைக்காகக் குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டால் குடிப்பதன் அளவும் தெளிவாகிவிடும் என்பது எம் கருத்து.

நிற்க. சுவைக்காகத்தான் என்றால், வீட்டில் செய்து பார்க்க ஏற்றது டானிக் வகையைவிட 'டாம் காலின்ஸ்' என்ற பழைய கலவையே. ஜெர்ரி தாமஸ் என்ற அமெரிக்கர் 1876இல் அச்சிட்ட செய்முறை: ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, பனிக்கட்டி, சோடா. இதைத் திருவரங்கத்துச் சமையலறைப் பொருள்களால் திருப்பிச் செய்ததில் நண்பர்கள் நால்வருக்கும் நிறைவு உண்டாயிற்று. நிவேதனப் பானகத்தில் ஜின்னை ஊற்றச் சொல்கிறோம் என்று எவரும் கொள்ள வேண்டாம். அது வேறு பாத்திரம், வேறு நாள்.

100 கிராம் வெல்லத்தை 100 மில்லி நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, தட்டிய ஏலம் இரண்டும் ஒரு சிட்டிகை சுக்கும் இட்டு இறக்கி, மண் போக வடிகட்டி ஆறவைக்க வேண்டும். நெடிய கண்ணாடிக் குவளையில் இந்தப் பாகு 20 மில்லி, ஜின் 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 15 மில்லி. தாமஸ் ஒரு முழு லெமனைப் பிழிகிறார். நம் பழத்துக்குப் பாதி போதும், முழுதும் பிழிந்தால் வாய் கூசும். கலக்கிவிட்டுப் பனிக்கட்டி நிரப்பி, 120 மில்லி சோடாவை ஓரமாக ஊற்ற வேண்டும். கோலி சோடா கிடைத்தால் நன்று. ஹிராம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற புட்டியை அதன் பிறந்த நாடு மறந்துவிட்டது, நாம் மறக்கவில்லை.

முக்கியமானது தோல். நாரத்தங்காயின் பச்சைத் தோலை விரல் நீளத்துக்கு, அடியிலுள்ள வெள்ளைப் பகுதி வராதபடி மெல்லச் சீவ வேண்டும். வெள்ளை வந்தால் கசக்கும். அந்தச் சீவலின் வெளிப்புறம் குவளையை நோக்கியிருக்குமாறு பிடித்து மடித்து முறுக்கினால், தோலின் நுண்பைகளிலுள்ள எண்ணெய் பானத்தின் மேற்பரப்பில் தூவலாகப் படியும். வாயில் வைக்குமுன் மூக்குக்கு எட்டுவது இதுவே. சாற்றில் இருப்பது புளிப்பு, மணம் தோலில்தான். ஜின்னோடு இது இணங்கிப் போவதற்குக் காரணமும் உண்டு. ஜின்னுக்கு மணமூட்டும் சரக்குகளில் ஜூனிபர் காய்க்கு அடுத்த இடம் கொத்தமல்லி விதைக்கு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களும் பல ஜின்களில் சேர்வன. நம் ரசப்பொடியின் மல்லி அங்கே முன்பே உட்கார்ந்திருக்கிறது.

நாரத்தங்காய் கிடைக்காத மாதங்களில் நாரத்தை இலை ஒன்றைக் கையில் கசக்கி மேலே இடலாம். வேப்பிலைக்கட்டி இடிக்கும் வீடுகளில் இலைக்குப் பஞ்சமிராது (பெயரில் வேப்பிலை இருந்தாலும் அதில் வேப்பிலை கிடையாது என்பது வெளியூர் அன்பர்களுக்கு). ஜின் வேண்டாதவர்கள் அதை விட்டுவிட்டு, சோடாவை 160 மில்லியாகக் கூட்டி ஒரு கல் உப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் நால்வரில் ஒருவர் அதையே இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.