கார் என்னும் பெயர்

வேனில் தளர்ந்து அடுத்த பருவம் தலைகாட்டும் நாள்களை ஒரு மொழி எந்தச் சொல்லால் அழைக்கிறது என்று பார்த்தால், அந்த மொழியாரின் கண் எதன்மேல் தங்கியிருந்தது என்பது தெரிந்துவிடும். பழங்கிரேக்கர் முதுவேனிலின் கனிப்பருவத்தை ஓபோரா என்றனர். அது தேய்ந்து ஒழியும் காலத்தை, தேய்வைக் குறிக்கும் சொல்லை முன்னே ஒட்டி, ஃப்தினோபோரோன் என்றனர். அவர்தம் சிறு தீவுகளில் கொடிமுந்திரி கொய்யும் நாள்களை ஒட்டிவரும் பருவத்துக்கு இன்றும் அந்தச் சொல்லின் வழிவந்ததே பெயர். கனியிலிருந்து அவர்களுக்குப் பருவப்பெயர் பிறந்தது. நம் பொருநைக் கரையிலோ பருவத்திலிருந்து பயிருக்குப் பெயர் பிறந்தது. அந்தப் பெயர்தான் கார்.

இலையுதிர்காலம் என்று ஏட்டில் படிக்கிறோமே, அது பெரும்பாலும் குளிர்நாட்டுப் பருவத்தைச் சொல்லவே நமக்குப் பயன்படுகிறது. நெல்லையில் வேம்பும் அரசும் இலை கொட்டுவது மாசி பங்குனியில். ஆவணி, புரட்டாசியைத் தமிழர் குறித்த சொல் கார். ஐப்பசி, கார்த்திகையைக் குறித்தது கூதிர்.

கருமை என்னும் பண்பின் அடியில் எழுந்து, முதல் நீண்டு நிற்கும் சொல் இது. பெருமை பேரூரிலும் அருமை ஆருயிரிலும் நீண்டதுபோலவே கருமை எருமையைச் சுட்டும் காரானில் நீண்டது. ககரத்தின் வன்மையில் தொடங்கி, நெடிலில் விரிந்து, ரகர ஒற்றில் உருண்டு அடங்கும் அந்த ஓரசையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தொலைவில் இடி உருள்வதுபோலவே இருக்கும். நிறத்தைச் சொன்ன சொல் நிறம் கொண்ட முகிலைச் சொன்னது. முகிலைச் சொன்னது முகில் பொழியும் மழையைச் சொன்னது. பின் மழை பொழியும் பருவத்துக்கே பெயராயிற்று. காரைத் தொல்காப்பியம் முல்லைக்கு உரிய பெரும்பொழுதாக வைத்தது. மதுரைக் கண்ணங்கூத்தனார் கார் நாற்பது என நாற்பது வெண்பாக்களை அந்தப் பருவத்துக்கே தந்தார். பிரிந்து சென்றவன் திரும்புவதாகச் சொன்ன காலம் என்பதால், இலக்கியத்தில் கார் என்றாலே காத்திருப்பு.

நெல்லைக்கு வந்ததும் இந்தச் சொல் அடுத்த அடி எடுத்து வைக்கிறது. ஆனியில் நட்டு, ஆவணி புரட்டாசியில் அறுக்கும் நெற்பயிருக்குக் கார் என்று பெயர். எந்தப் பருவத்தில் கதிர் முற்றுகிறதோ அந்தப் பருவத்தின் பெயரைப் பயிர் ஏற்றது. என்னை இதில் பெரிதும் ஈர்ப்பது வேறொன்று. அந்த மாதங்களில் திருநெல்வேலிச் சமவெளியில் பெருமழை கிடையாது. மேற்குமலை மறைப்பதால் தென்மேற்குப் பருவம் இங்கே வறண்ட மேல்காற்றாகத்தான் வந்து சேர்கிறது. குற்றாலத்தில் சாரல் தூறும்போது பாளையங்கோட்டையில் புழுதி பறக்கும். கருமுகில் பொதிகை உச்சியில் கவிந்து கிடக்கும். அங்கே பெய்தது பாபநாசம் அணையில் சேர்ந்து, கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று அணைக்கட்டுகளில் பிரிந்து, வாய்க்கால் வழியே வயலில் பாய்கிறது. முல்லைநிலத்துக் கார் வானத்திலிருந்து நேரே இறங்கியது. மருதநிலத்துக் கார் ஆற்றில் வந்தது. தலைக்கு மேல் மழையில்லாத ஊரில் மழைப்பருவத்தின் பெயர் இப்படி வயலில் நிலைத்திருப்பதை எண்ண எண்ண இந்த மொழியின்மேல் எனக்கு அன்பு கூடுகிறது.

பயிரைச் சொன்ன பெயர் அங்கேயும் நிற்கவில்லை. “இந்த வருசம் கார் உண்டா?” என்று உழவர் கேட்டால், கேள்வி பயிரைப் பற்றியது மட்டுமன்று, அணையில் நீர் இருக்கிறதா, மடை திறப்பார்களா என்பதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. தென்மேற்குப் பருவம் பொய்த்தால் “கார் இல்லை” என்பார்கள். அந்த இரண்டு சொல்லில் ஓர் ஊரின் அரையாண்டு இருக்கிறது. காருக்கும் முந்திச் சித்திரையை ஒட்டிச் செய்யும் சாகுபடி முன்கார். இலக்கணம் பிழையாமல் ஆக்கிய நல்ல பெயர்.

கார் அறுப்பு முடிந்து, தொளியடித்து, அடுத்த பயிரான பிசானத்தின் நடவுக்கு வயலை அணியப்படுத்தும்போது காற்றும் பெயர் மாறும். மேற்கிலிருந்து வீசுவதைக் கோடை என்றனர் முன்னோர். அந்தக் கோடை ஓய, கிழக்கிலிருந்து கொண்டல் எழும், பின் வடக்கிலிருந்து வாடை வரும். நெடுநல்வாடை தன் பெயரிலேயே தாங்கும் அந்தக் காற்றோடு வருவது கூதிர். ஏட்டில் உறங்குவதாக நாம் எண்ணும் கூதிருக்கு நெல்லையில் கூதல் என்னும் உறவு இன்றும் உயிரோடு இருக்கிறது, ஐப்பசி அடைமழையில் நனைந்து வரும் பிள்ளையிடம் “கூதலடிக்காலே?” என்று ஆச்சி கேட்கிறாள்.

மாசி பங்குனியில் அறுக்கும் பிசானத்தைக் கல்வெட்டுகள் பசானம் என்று எழுதின. முதலெழுத்தின் அகரம் பேச்சில் இகரமாயிற்று. கார் மட்டும் எழுத்திலும் ஒலியிலும் இம்மியும் மாறவில்லை.