பனை நிற்கிறது, ஏறுவார் இல்லை

பொதிகையிலே பிறந்து புன்னைக்காயலிலே கடலோடு கலக்கும் தாமிரபரணியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர், அதன் அணைக்கட்டுகளையும், கார், பிசானம் என இருபோகம் விளைந்த நன்செய்களையும் வியந்து எழுதினார்களே அன்றி, அந்நதியின் நீர் ஏறிப் பாயாத நாங்குநேரி, சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் பனை ஒன்றையே நம்பி ஜீவித்த ஜனங்களின் விருத்தாந்தத்தை அதே ஆர்வத்துடன் எழுதினாரில்லை. 1841-இல் இடையன்குடியில் வந்து தங்கிய கால்டுவெல் பாதிரியார் 1849-இல் அவர்களைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அவர்களுடைய குலத்தையும் குணத்தையும் பற்றி அதில் அவர் கூறியவை அம்மக்களைப் புண்படுத்தின. அவர்கள் சினந்தது நியாயமே.

பனையேற்றுத் தொழிலின் கடுமையை அதனைக் கண்ணாற் காணாதவர் ஊகித்தறிதல் அரிது. பதனீர்க் காலம் தொடங்கிவிட்டால், விடியுமுன்னே எழுந்து, அரிவாள்பெட்டியை இடுப்பிற் கட்டி, முருக்குத்தடியை மரத்தில் சார்த்தி, காலில் தளைநாரை மாட்டி, முப்பது நாற்பது பனைகளில் ஏறியிறங்கிய ஒருவன், மாலையில் அவ்வளவு மரங்களிலும் மறுபடி ஏறிப் பாளை சீவ வேண்டும். ஒருநாள் சீவாது விட்டாலும் பாளை காய்ந்து போகுமாதலால், காய்ச்சலென்றும் துக்கமென்றும் அவன் ஓய்ந்திருத்தல் இயலாது. மரத்தைத் தழுவித் தழுவி மார்பு காய்ப்பேறியிருக்கும். பிடி தவறினால் அக்குடும்பத்தின் கதி அன்றோடு முடிந்தது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதனீரை, கீழே விடிலி என்னும் காய்ச்சும் குடிசையில் புகையினூடே அவன் மனைவி பாகாகக் காய்ச்சிச் சிரட்டைகளில் வார்த்துக் கருப்பட்டியாக்குவாள். அவளுக்குத் தனிக்கூலி என்று ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை.

இத்தனை பிரயாசைக்கும் கிடைத்த ஊதியம் யாது? மரம் பெரும்பாலும் அவனுடையதன்று. உடையவனுக்கு வாரமோ பாட்டமோ கொடுத்தாக வேண்டும். ஏற்றமில்லாத மழை மாதங்களில் அடுப்பெரிவதற்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பானாதலின், பருவத்தில் காய்ச்சிய கருப்பட்டியை அவ்வியாபாரி சொன்ன விலைக்கே அளந்துவிட்டு, கணக்குத் தீர்ந்ததா இல்லையா என்றும் தெளியாமல் வீடு திரும்புவான். ஆகவே வழி திறந்தபோதெல்லாம் அவர்கள் வெளியேறினார்கள். தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்றவர் பலர். வாணிபத்திற் புகுந்தவரும், மிஷன் பள்ளிகளிற் கற்று உத்தியோகம் பெற்றவரும் பலர். 1921-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் தங்களுக்கு நாடார் என்ற பெயரை அரசாங்கம் ஏற்கும்படி போராடி வென்ற அச்சமூகத்தின் எழுச்சி தமிழ்நாட்டுக்கே பெருமை தருவது. எனினும் மரத்திலிருந்து இறங்கியவனுக்குக் கிடைத்த கௌரவம், மரத்திலேயே நின்றவனுக்குக் கிடைக்கவில்லை. 1964-இல் வெளிவந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலில், பனையேறி வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுப்பதற்கு எழும் எதிர்ப்பு வெறும் கற்பனையன்று. தென்கோடி ஊர்களில் பிரத்தியட்சமாக நடந்துவந்ததே.

1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்து கள் நின்றபோது, பனையேறிக்குப் பதனீர் ஒன்றே மிஞ்சியது. இடையில் தளர்ந்து, 1987-இல் கள்ளுக்குத் தடை மீண்டும் வந்தபின், பதனீர் இறக்குபவனும் சந்தேகக் கண்ணுக்கு ஆளானான். ஏறுவாரற்ற பனைகளோ செங்கற் சூளைகளுக்கு விறகாயின.

2021-இல் தமிழக அரசு தன் முதல் வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில், 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாகவும், கலெக்டரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென்றும் அறிவித்தது. நன்று. ஆனால் அவ்விதைகள் பாளை விடுவதற்குப் பதினைந்து ஆண்டுகளேனும் செல்லும். அன்று ஏறப்போகிறவன் யார்? இக்காலத்து இளைஞர் சோம்பேறிகள், ஆகையால் தொழிலுக்கு ஆள் வருவதில்லை என்று சொல்வோரை நான் மறுக்கிறேன். தலைமுறை தலைமுறையாக உயிரைப் பணயம் வைத்தவனுக்குக் கூலியையும் மரியாதையையும் மறுத்தது நாம். சீனி கலவாத கருப்பட்டிக்கு ஒரு பனையேறி தன் விலையைச் சொல்லும்போது, வாசகர்களே, தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.