கார் விலைதான் குறையும்... பில் குறையாது! பழைய சொகுசு கார் வாங்கும் முன் ஒரு கணக்கு

யூஸ்டு கார் ஆப்பை சும்மா ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டு இருப்பீங்க. திடீர்னு ஒரு போட்டோ கட்டைவிரலை நிறுத்தும். ஒரு காலத்துல கோடியை நெருங்கிய ஜெர்மன் கார், இன்னிக்கு ஒரு புது காம்பாக்ட் எஸ்யூவி விலைக்கு! 'சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன், நேர்ல வந்தா விலை பேசிக்கலாம்'னு கீழே ஒரு வரி. மனசு உடனே இஎம்ஐ கணக்கு போட ஆரம்பிச்சிடும்.

கொஞ்சம் பொறுங்க. அந்தக் கணக்குல ஒரு வரி விட்டுப்போச்சு. கார் பழசாக ஆக அதன் விலை குறையும். ஆனால் அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலையும், அதைக் கழற்றி மாட்டும் மெக்கானிக்கின் கூலியும் குறையாது. நீங்க 10 லட்சத்துக்கு வாங்கினாலும், அது கோடி ரூபாய் காருக்கான பில்லைத்தான் நீட்டும்.

இதுக்கு உலகம் முழுக்க கார் பிரியர்கள் சொல்லும் உதாரணம் ஒண்ணு இருக்கு. 2005 முதல் 2010 வரை விற்பனையில் இருந்த பிஎம்டபிள்யூ எம்5. 'ஈ60' தலைமுறை என்று சொன்னால் ரசிகர்களுக்குச் சட்டென்று புரியும்.

ஏன் இந்தக் கார் மேல இவ்வளவு ஆசை?

பார்க்க ஆபீஸ் போகும் செடான். பானெட்டுக்குள்ளே 5 லிட்டர் வி10 இன்ஜின். 507 குதிரைத்திறன், 8,250 ஆர்பிஎம் வரை சுழலும் வேகம், 0-100 கி.மீ-க்கு 4.7 விநாடி. 2005, 2006 என அடுத்தடுத்து இரண்டு முறை 'இன்டர்நேஷனல் இன்ஜின் ஆஃப் தி இயர்' விருது வாங்கிய இன்ஜின் இது. அமெரிக்காவில் புதுசாக 80,000 டாலருக்கு மேல் விற்ற கார், சில வருடங்களில் பல மடங்கு குறைந்த விலைக்கு செகண்ட் ஹேண்டில் வந்தது. ஆசைப்பட்டு வாங்கியவர்கள் பலர் அதே வேகத்தில் விற்கவும் செய்தார்கள். காரணம், கீழே இருக்கும் நான்கு பிரச்னைகள்.

எங்கெங்கே கை வைக்கும்?

1. ராட் பேரிங்: பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைப்பது கனெக்டிங் ராட். அது கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் மெல்லிய பேரிங் தகடுகள் இருக்கும். நடுவில் இருக்கும் ஆயில் படலம்தான் உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பாற்றுகிறது. இந்த இன்ஜினில் அந்த இடைவெளி ரொம்பக் குறைவு. ஊற்றும் ஆயிலோ கெட்டியான 10டபிள்யூ-60. இன்ஜின் சூடாகும் முன்பே ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பேரிங் சீக்கிரம் தேயும். அதனால்தான் இந்தக் காரின் ஆர்பிஎம் மீட்டரிலேயே எச்சரிக்கை விளக்குகள் வைத்திருக்கிறார்கள். ஆயில் சூடாக ஆக, அவை ஒவ்வொன்றாக அணையும். விவரம் தெரிந்த ஓனர்கள் ஒரு லட்சம் கி.மீ வாக்கில், கோளாறு வருவதற்கு முன்பே பேரிங்கை மாற்றிவிடுவார்கள். அதற்கே சில ஆயிரம் டாலர் ஆகும். அதை மிச்சம் பிடிக்கப்போய் இன்ஜின் போனால், புது இன்ஜின் செலவு காரின் அன்றைய மார்க்கெட் விலையையே தொட்டுவிடும்.

2. த்ராட்டில் ஆக்சுவேட்டர்: பத்து சிலிண்டருக்குப் பத்து த்ராட்டில். அவற்றைத் திறந்து மூட இரண்டு மின் மோட்டார் யூனிட்கள். உள்ளே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்தால் போதும், கார் 'லிம்ப் மோடு'க்குப் போய் பவரைக் குறைத்துக்கொள்ளும்.

3. எஸ்எம்ஜி கியர்பாக்ஸ்: ஏழு கியர், ஒற்றை கிளட்ச். கிளட்ச் பெடல் கிடையாது. அந்த வேலையை ஹைட்ராலிக் பம்ப் செய்கிறது. பம்ப் போனால் கியரே விழாது. டிராஃபிக்கில் இன்ச் இன்ச்சாக நகர்த்தினால் கிளட்ச்சும் வேகமாகத் தேயும்.

4. வானோஸ்: வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் அமைப்பு. உயர் அழுத்த ஆயிலில் இயங்குவதால், பம்ப்பிலோ குழாயிலோ சிக்கல் வந்தால் செலவு பெரிது.

பெட்ரோல், டயர் கணக்கு

அமெரிக்க அரசின் கணக்குப்படி நகரத்துக்குள் இந்தக் காரின் மைலேஜ் லிட்டருக்கு 4.7 கி.மீ. டேங்க் 70 லிட்டர். அதாவது ஃபுல் டேங்க் அடித்தாலும் சிட்டிக்குள் சுமார் 330 கி.மீ-தான். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,000 கி.மீ ஓட்ட பெட்ரோலுக்கு மட்டும் 21,000 ரூபாய். டயரும் முன்னே ஒரு அளவு, பின்னே ஒரு அளவு. அதனால் முன்பின் மாற்றிப்போட்டு ஆயுளைக் கூட்டவும் முடியாது.

'நான் எம்5 வாங்கப்போறதில்லையே!'

சரிதான். நம்ம ரோட்டில் ஈ60 எம்5 அபூர்வம். நீங்க பார்ப்பது பழைய 5 சீரிஸாகவோ, ஆடி ஏ6, மெர்சிடீஸ் இ-கிளாஸாகவோ இருக்கலாம். கோளாறுகளின் பட்டியல் மாறும், கணக்கு மாறாது. ஏர் சஸ்பென்ஷன், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ, எலெக்ட்ரானிக்ஸ் எல்லாமே அந்தக் காரின் புது விலைக்கு ஏற்ற செலவுதான் வைக்கும்.

'இன்ஷூரன்ஸ் இருக்கே'ன்னு நினைக்காதீங்க. விபத்து, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்குத்தான் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி. தேய்மானத்துக்கும், தானாக வரும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் கோளாறுக்கும் அது பணம் தராது. விபத்து க்ளெய்மிலும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50% கழிப்பார்கள். கார் 10 வருடத்தைத் தாண்டியிருந்தால் உலோக பாகங்களுக்கும் 50% கழியும். ஜீரோ டெப்ரிசியேஷன் ஆட்-ஆன் பழைய கார்களுக்குக் கிடைப்பதும் கஷ்டம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் செக் லிஸ்ட்

* கோல்டு ஸ்டார்ட்: நீங்க போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடாக இருந்தால் இன்னொரு நாள் போங்க. ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் அரை நிமிடத்தில்தான் தட்டும் சத்தமும் புகையும் காட்டிக்கொடுக்கும்.
* ஸ்கேனர்: ஓபிடி ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்க. எரர் எதுவும் இல்லை என்றால் உடனே சந்தோஷப்படாதீங்க. முந்தின நாள் அழித்திருக்கலாம். காரின் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்க. முடியாமல் இருந்தால், சமீபத்தில் அழித்திருக்க வாய்ப்பு உண்டு.
* சர்வீஸ் ஹிஸ்டரி: 17 இலக்க வின் நம்பரை வைத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விசாரியுங்க. பில் இல்லாத 'ஃபுல் சர்வீஸ்' வெறும் வார்த்தை.
* வெள்ளம்: 2015, 2023 சென்னை வெள்ளத்தை மறக்காதீங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க. அடியில் சேற்றுக் கறை இருக்கா? கார்ப்பெட்டுக்குக் கீழே, சீட் போல்ட்டில் துரு இருக்கா?
* வெளிமாநில கார்: டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு வந்த கட்டுப்பாடுகளால், அங்கே விலை குறைவாக இருக்கும். ஆனால் அங்கிருந்து என்ஓசி வாங்கணும், தமிழ்நாட்டில் சாலை வரி கட்டணும், மறுபதிவு செய்யணும். இதையெல்லாம் சேர்த்தபின் விலையை ஒப்பிடுங்க.
* ஆர்சி: தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்கு. 13, 14 வயசுக் கார் என்றால் புதுப்பிக்கும் செலவும் அலைச்சலும் உங்க தலையில்தான். பழைய லோன் ஆர்சியில் இருந்தால், பேங்க் என்ஓசி கையில் வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீங்க.

அப்போ வாங்கவே கூடாதா?

தாராளமா வாங்கலாம், இரண்டு நிபந்தனைகளோடு. ஒண்ணு, காருக்குக் கொடுக்கும் பணத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு தொகை தனியாக பேங்கில் இருக்கணும். 12 லட்சம் கார் என்றால் இன்னொரு 4 லட்சம். அது முதல் வருடச் செலவுக்கு. இரண்டு, அந்தக் கார் ஒரு மாதம் வொர்க்‌ஷாப்பில் நின்றாலும் உங்க வேலை நிற்கக்கூடாது. வீட்டில் இன்னொரு வண்டி, குறைந்தது ஒரு ஸ்கூட்டராவது இருக்கணும்.

சேமிப்பு மொத்தத்தையும் துடைத்து டவுன் பேமென்ட் கட்டி, மிச்சத்துக்கு லோன் போட்டு வாங்குவது மட்டும் வேண்டாம். ஓடாத காருக்கும் இஎம்ஐ ஓடிக்கிட்டேதான் இருக்கும். அடுத்த முறை அந்த போட்டோவில் கட்டைவிரல் நிற்கும்போது, விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன் ஒரு நல்ல மெக்கானிக்குக்கு போன் போடுங்க. 'இந்தக் காருக்கு கியர்பாக்ஸ் வேலை வந்தா எவ்வளவு ஆகும்ணே?' என்று கேளுங்க. அவர் சொல்லும் தொகையைக் கேட்டும் தூக்கம் வந்தால், கார் பார்க்கக் கிளம்பலாம்.