ஆனெ தாரி



சனி, ஞாயிறு இரண்டு நாளும் மகன் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். பேத்தி தன் சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "லீவுக்கு எல்லாரும் பீச்சுக்குப் போறாங்க தாத்தா, உங்க ஊர்ல என்ன இருக்கு?" என்றாள். தளியில் கடற்கரைக்கு எங்கே போவது? ஏரிக்கரைதான். ஆனால் பாதைகள் இருக்கின்றன என்றேன்.

சனிக்கிழமை விடியற்காலை, பனி விலகும் முன்னே ஜவளகிரி சாலையில் கிளம்பினோம். அவள் சைக்கிளில், நான் மகனின் ஸ்கூட்டரில் பின்னால். மூன்று கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். வனக்காவலர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். பார்த்தால் நம்ம பள்ளி மாணவர். "மேஷ்ட்ரே, திரும்பிடுங்க. ஆனெ இறங்கியிருக்கு. ராகி அறுப்பு நேரம், உங்களுக்குத் தெரியாததா?" தெரிந்ததுதான். பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது.

திரும்பி வந்து ஏரிக்கரையில் உட்கார்ந்தபோது, அவளுக்குப் பாதைகளின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். வகுப்பில் நான் அரைகுறையாகச் சொன்ன பாடம் இது.

மூன்றாம் மைசூர்ப் போர் நினைவிருக்கிறதா? 1791 மே மாதம் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்விட்டுத் திரும்பினார். காரணம் திப்புவின் படைபலம் மட்டுமல்ல. பாரம் இழுக்கும் மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன, தானியம் தீர்ந்தது. கோட்டையை இடிக்கக் கொண்டுபோன பெரிய பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அதன்பிறகு அவர் முதலில் தேடியது பாதை. கீழே கர்நாடகச் சமவெளியிலிருந்து பாலக்கோடு கணவாய் வழியாக அரிசியும் மாடும் பெங்களூருக்கு ஏறி வரவேண்டும். அதற்காகவே அந்த ஜூலையில் ஓசூரைப் பிடித்தார்கள். சில நாட்களில் இராயக்கோட்டையும் விழுந்தது. 1792 உடன்படிக்கையில் பாரமகால் கம்பெனிக்குப் போனது. திப்பு வீழ்ந்த 1799-க்குப் பிறகு நம் ஓசூர்ப் பக்கமும் போனது.

பிறகு வந்தது குளிரை ரசிக்கும் காலம். 1824-ல் மத்திகிரியில் ராணுவத்துக்குக் குதிரைப் பண்ணை வைத்தார்கள், இன்றைய கால்நடைப் பண்ணை அதுதான். சேலம் கலெக்டர் பிரெட், கெனில்வொர்த் கோட்டையைப் போல ஓசூரில் ஒரு மாளிகையே கட்டினார். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிற தளிக்கு 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரை எத்தனை வருஷம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! இங்கிலாந்தில் ஏதய்யா யானை?

இங்கே மனுஷனுக்கு முன்னால் வழி போட்டது யானைதான். ஐப்பசி வாக்கில் பன்னார்கட்டா காட்டிலிருந்து கிளம்பி, ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, நொகனூர், சானமாவு என்று சுற்றிவிட்டு, மாசி பங்குனியில் திரும்பும். பெரியவர்கள் அதை 'ஆனெ தாரி' என்பார்கள். 1956-ல் மொழிவாரி மாநிலம் வந்தபோது தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வீட்டில் பேசுகிற நம் ஊர் இந்தப் பக்கம், பன்னார்கட்டா அந்தப் பக்கம். 1974-ல் அங்கே தேசியப் பூங்கா, 2014-ல் இங்கே 504 சதுர கிலோமீட்டரில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். காட்டுக்குக் காவல் வந்தது. ஆனால் அந்தத் தாரியில் காட்டுத் துண்டுகளுக்கு இடையே கிடப்பது நம் ராகி வயலும், ரோஜாப் பசுமைக்குடிலும், புதுசு புதுசாய் லேஅவுட்டும். ஓசூரில் தொழிற்சாலை வந்ததால்தான் உங்களில் பலருக்குச் சோறு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ஒரு மார்கழி காலையில் நான் இதே மைசூர்ப் போரைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். ஒரு பையனைக் கூட்டிப்போக ஆள் வந்தது. ராகிக் காவலுக்குப் போன அவன் அப்பா பரணிலிருந்து இறங்கிய இடத்தில் யானை. பையன் போனதும் நான் மறுபடி காரன்வாலிஸ் பாதையை வரையப் போனேன். அந்த நிலத்தின் வழியாக எந்தப் பாதை போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வகுப்பில் பாதிப் பேருக்குப் பதில் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஏரிக்கரையிலேயே ஆறு சுற்று சுற்றினாள். கிளம்பும்போது பழைய நோட்டு ஒன்றில், நான் சொல்லச் சொல்ல, ஆனெ தாரியை வரைந்து கொடுத்துவிட்டுப் போனாள். பாதி வெறுமையாக இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் யானை எந்தப் பள்ளத்தில் இறங்கும், எந்தக் குட்டையில் தண்ணி குடிக்கும், அந்த இடத்துக்குத் தாத்தா பாட்டி என்ன பெயர் சொல்வார்கள்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கன்னடம், தெலுங்கு, தமிழ் எதில் இருந்தாலும் சரி.