பிளாப்பியில் வந்த மதுரைக் காண்டம்

1998 பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியபோது மதுரையில் எங்களில் பலருக்கு அது தெரியாது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனன் துணை நின்றார். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தருவதுதான் வேலை. முதலில் வந்தது திருக்குறள். சங்கம் வளர்த்த ஊரின் பெயரைச் சும்மா சூட்டிக்கொள்ளவில்லை அவர்கள்.

1901-இல் நம் ஊரில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் ஜமீன்தார். ஏடு சேர்க்கவும் நூல் அச்சிடவும் அவரிடம் செல்வம் இருந்தது. மதுரைத் திட்டத்தில் இருந்தவர்களோ சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். நூல்களைப் படமாக்கி வைக்காமல் வெறும் எழுத்தாகத் தந்தார்கள்; அந்தச் சிக்கனம்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது.

கணக்கைப் பாருங்கள். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து, சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 1 எம்பி. 1.44 எம்பி பிளாப்பியில் ஒரு பக்கம்தான் கொள்ளும். 28.8 கேபிபிஎஸ் மோடத்தில் அந்த ஒரு பக்கம் இறங்கவே ஐந்து நிமிடம் ஆகும். எழுத்தாக அடித்தால் 1330 குறளின் 9310 சீரும் அதே பிளாப்பியில் அடங்கிப் பிற நூல்களுக்கும் இடம் மிஞ்சும்.

அன்றைய டிஸ்கி குறியாக்கத்தில் ‘மதுரை’ என்று எழுத 4 பைட் போதும். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் அதற்கே 15 பைட் வேண்டும். இருந்தும் பின்னாளில் யூனிகோடுக்கு மாறினார்கள். தனி எழுத்துரு இல்லாமல் எந்தக் கணினியிலும் படிக்கலாம், தேடலாம் என்பதால் அது தகுந்த செலவு.

நான் மேலூர்ப் பக்கம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். எங்கள் பள்ளியில் நூலகம் என்பது ஓர் அலமாரி. பெரியார் பஸ் ஸ்டாண்டு அருகே பிரவுசிங் சென்டரில் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை இறக்கி, பிளாப்பியில் எடுத்துவந்து அச்சிட்டு, வழக்குரை காதையைப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாரும் படியெடுத்துக் கொடுக்கலாம் என்று கோப்பிலேயே அனுமதி எழுதியிருந்தது. அதனால் ஒருவர் இறக்கியது பத்துப் பேருக்குப் போனது. சுமை முழுவதும் ஒரே சர்வரின் தலையில் விழவில்லை.

இன்று ஏடுகளும் பழம்புத்தகங்களும் படங்களாக வருகின்றன. மூலத்துக்குச் சாட்சியாகப் படம் வேண்டியதுதான். ஆனால் உசிலம்பட்டி மாணவி ஒரு வரியைத் தேடிப் பிடிக்க வேண்டுமானால், அவள் பழைய போனிலும் அந்த நூல் திறக்க வேண்டுமானால், எழுத்து வடிவம் வேண்டும். பணம் குறைந்த காலத்திலும் அதைக் காப்பாற்றி வைப்பது எளிது. நூல்களை மின்வடிவமாக்கும் நிறுவனங்கள் படத்தோடு எழுத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும். என்னைப்போல் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களே, நாளுக்கு ஒரு பக்கம் மெய்ப்புப் பார்த்துக் கொடுக்க முன்வாருங்கள்.