படகர் வீட்டுத் தானியப் பரண்

குன்னூரை அடுத்த வெலிங்டனை அறியாதார் இலர். 1852-ஆம் ஆண்டில் அங்குப் படைவீடு எழத் தொடங்கியபோது அவ்விடத்திற்கு வழங்கிய பெயர் ஜெகதளா என்பதாகும். 1860-இல்தான் வெலிங்டன் என்று மாற்றினர். அப்பெயரைத் தந்த படகர் ஊர் இன்றும் இருக்கிறது. ஆனால், அவ்வூரார் உண்டு வாழ்ந்த தானியங்கள் எங்கே?

தேயிலை பரவுமுன் இச்சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் வாற்கோதுமையும் விளைந்தன. வாற்கோதுமையைப் படகர் 'கஞ்செ' என்பர். தெவ்வ ஹப்பாவன்று புதிய விளைச்சலை இறைவனுக்குப் படைத்த பின்னரே உண்பது மரபு. விளைந்தது முழுவதும் ஒரு வீட்டுக்கே உரியதன்று. பாற்பொருள் தந்த தொதவர்க்கும், மண்கலமும் இரும்புக் கருவியும் செய்தளித்த கோத்தர்க்கும், விதைப்புச் சடங்கு நிகழ்த்திய குறும்பர்க்கும் அதில் பங்கு உண்டு.

மழையும் மூடுபனியும் மிகுந்த மலையில் தானியத்தின் பகைவன் ஈரமே. ஆதலால் முதலில் வெயிலில் நன்கு உலர்த்தினர். பின்னர் வீட்டினுள் 'அட்டு' என்னும் பரணில் சேர்த்தனர். அடுப்பின் வெம்மையும் புகையும் ஈரத்தையும் பூச்சியையும் விலக்கின. சாமையை உமியோடுதான் வைப்பர். உமி அதற்குக் கவசம். அதனை நீக்கினால் அரிசி விரைவில் காறிப்போகும். எனவே வேண்டும் அளவே அவ்வப்போது குத்திப் புடைத்தனர். நன்கு காய்ந்த கேழ்வரகையோ பூச்சி எளிதில் தீண்டாது, ஆண்டுக்கணக்கில் கெடாதிருக்கும். அதன் மாவைக் கொதிநீரில் இட்டுக் கிளறினால் 'ஹிட்டு' ஆயிற்று.

1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் சலிவன் இம்மலைக்கு வந்தார். அதன்பின் உருளைக்கிழங்கும் மேனாட்டுக் காய்கறிகளும் காசுப் பயிர்களாயின. 1961-இல் உருளைக்கிழங்கில் நூற்புழு கண்டறியப்பட்டது. தேயிலையோ மேலும் மேலும் பரவியது. பரண் வெறுமையாயிற்று.

1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை வீழ்ந்தது. அப்போது என் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, விலை போகாத தேயிலையைச் சமைத்து உண்ண முடியுமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, நான் சிரிக்கவில்லை. அவன் பாட்டனார்க்கு அக்கேள்வி எழுந்திராதன்றோ? விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் பழைய கேழ்வரகு பரணில் இருந்திருக்கும்.

தேயிலையை வெறுக்கச் சொல்லவில்லை. அது கல்வியையும் மருத்துவத்தையும் எட்டச் செய்தது. ஆயினும், வீட்டருகே ஒரு பாத்தியிலேனும் கேழ்வரகு விதையுங்கள். அதனைக் காக்கும் முறையைப் பாட்டியிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். விதை அழிந்தால் வேறிடத்தில் பெறலாம். முறை மறந்தால் யாரிடம் பெறுவது?